அதிராத கைப்பேசியும் அசையாத சிந்தையும்

"தூக்கிப் போடு, புதிது வாங்கு."

நம் பிள்ளைகள் இன்று வீட்டில் அதிகமாகக் கேட்கும் பாடம் இதுதான். எந்த ஆசிரியரும் இதனைக் கரும்பலகையில் எழுதுவதில்லை. எந்தப் பாடநூலிலும் இது அச்சேறவில்லை. ஆயினும், பெருக்கல் வாய்ப்பாட்டைவிட இது பிள்ளைகளின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. பழுதான ஒரு பொருளைக் காட்டி, "என்ன செய்யலாம்?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "ஏன் பழுதானது?" என்று திருப்பிக் கேட்கும் பிள்ளைகள் எத்தனை பேர்?

இந்தப் பாடம் தீங்கானது என்பதே என் கருத்து. இது பணத்தை மட்டும் வீணாக்கவில்லை. காரணம் தேடும் பழக்கத்தையே பிள்ளைகளிடமிருந்து பறித்துக்கொள்கிறது. இதனை விளக்கப் பெரிய எடுத்துக்காட்டு தேவையில்லை. பழைய கைப்பேசியில் உள்ள அதிர்வு மோட்டார் ஒன்றே போதும்.

விரல் நுனியளவுப் பொறி

அழைப்பு வரும்போது கைப்பேசி ஏன் அதிர்கிறது? உள்ளே ஒரு சிறு மின்மோட்டார் இருக்கிறது. அதன் அச்சின் முனையில் அரைவட்ட வடிவில் ஓர் எடை மாட்டப்பட்டிருக்கும். எடையின் மையம் அச்சின் மீது அமையாமல் ஒரு பக்கமாக விலகி இருக்கும். மோட்டார் சுழலும்போது அந்த எடை கைப்பேசியை ஒவ்வொரு பக்கமாக மாறி மாறி இழுக்கும். அதுவே அதிர்வு. துணி துவைக்கும் இயந்திரத்தில் ஈரத்துணி ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டால், பிழியும் நேரத்தில் இயந்திரமே நடனமாடுகிறதே, அதே கோட்பாடுதான். இயந்திரத்தில் நாம் தவிர்க்க நினைக்கும் ஆட்டத்தைக் கைப்பேசியில் வேண்டுமென்றே உண்டாக்கியிருக்கிறார்கள்.

இவ்வளவு சிறிய எடை எப்படிக் கைப்பேசியையே ஆட்டுகிறது? இரண்டு காரணங்கள். ஒன்று, அந்த எடை பெரும்பாலும் டங்ஸ்டன் கலவையால் ஆனது. டங்ஸ்டன் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. மற்றொன்று வேகம். இத்தகைய மோட்டார் நிமிடத்திற்கு ஏறத்தாழ 10,000 முறை சுழலும்.

1996-இல் வெளிவந்த மோட்டோரோலா ஸ்டார்டேக் கைப்பேசியில் அதிர்வு வசதி இருந்தது. பின்னர் வந்த நோக்கியா 6110-இல் அதிர்வு வேண்டுமென்றால் அதற்கென்றே மோட்டார் பொதிந்த தனி மின்கலம் வாங்க வேண்டும். 2000-இல் வந்த நோக்கியா 3310-இலோ மோட்டார் கைப்பேசிக்கு உள்ளேயே அமைந்துவிட்டது. பழைய கைப்பேசிகளில் இருவகை மோட்டார்களைக் காணலாம். உருளை வடிவ மோட்டாரில் எடை வெளியே தெரியும். நாணய வடிவ மோட்டாரில் எல்லாம் தகட்டுக்குள் மூடப்பட்டிருக்கும்.

திறக்கும் முன் கேள்

இனி, பழுதுக்கு வருவோம். கைப்பேசி அதிரவில்லை. "மோட்டார் கெட்டுவிட்டது" என்று உடனே தீர்ப்புச் சொல்வதுதான் வழக்கம். அப்படிச் சொல்பவர் இன்னும் எதையும் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள்! முறையாகத் தேடினால் படிகள் இவ்வாறு அமையும்.

முதற்படி: அமைப்பைப் பார். அதிர்வு வசதி முடக்கப்பட்டிருக்கிறதா? மின்சேமிப்பு முறையில் உள்ளதா? கைப்பேசி மின்னேற்றியில் செருகப்பட்டிருக்கிறதா? நோக்கியாவின் பழைய கைப்பேசிகள் பலவற்றில், மின்னேற்றியுடன் இணைந்திருக்கும்போது அதிர்வு இயங்காது. இது பழுதன்று, பயனர் கையேட்டிலேயே சொல்லப்பட்ட செய்தி. கையேட்டை யார் படிக்கிறார்கள்? சாம்சங் திறன்பேசிகள் பலவற்றில் *#0*# என்று அழுத்தினால் சோதனைப் பட்டியல் தோன்றும். அதில் அதிர்வை மட்டும் தனியே சோதித்துப் பார்க்கலாம்.

இரண்டாம் படி: காதைக் கொடுத்துக் கேள். மோட்டார் சுழலும் மெல்லிய ஓசை கேட்டும் அதிர்வு இல்லையென்றால், எடை அச்சிலிருந்து கழன்றிருக்கலாம். கைப்பேசியைத் தட்டும்போது மட்டும் அதிர்ந்தால், தொடுமுனை சரியாகத் தொடவில்லை என்று ஐயுறலாம். எந்த ஓசையும் இல்லையென்றால், மோட்டாருக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது வந்தும் அது சுழல முடியவில்லை.

மூன்றாம் படி: மின்கலத்தைக் கழற்றிய பின்னரே திற. உருளை வடிவ மோட்டாராக இருந்தால், பல்குச்சியால் எடையை மெல்லச் சுழற்றிப் பார். தூசியோ மயிரிழையோ சிக்கியிருந்தால் அது தடைப்படும்.

நான்காம் படி: தொடுமுனைகளைப் பார். பழைய கைப்பேசிகள் பலவற்றில் மோட்டாரைச் சுற்றட்டையுடன் இணைப்பவை சிறு வில் தகடுகளே. வியர்வையாலும் ஈரக்காற்றாலும் அவை மங்கிப்போகும். நாளடைவில் வளைந்து தொடாமலும் போகும். நம் நாட்டு வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சொல்லவா வேண்டும்? அழிப்பானால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஐந்தாம் படி: மோட்டாரைச் சுற்றிலிருந்து பிரித்துத் தனியே சோதி. 1.5 வோல்ட் உலர் மின்கலம் ஒன்றை இணைத்துப் பார். நாணய வடிவ மோட்டார்களில் பல ஒரு மின்கலத்திற்கு அசையமாட்டா. அவற்றுக்கு இரண்டு மின்கலங்களை வரிசையாக இணைத்து 3 வோல்ட் கொடுக்க வேண்டும். முனைகளை மாற்றி இணைத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும், அவ்வளவுதான். மல்டிமீட்டர் இருந்தால் மின்தடையை அளக்கலாம். சில பத்து ஓம் காட்டினால் சுருள் அறுபடவில்லை. எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே எங்கோ இணைப்பு அற்றுப்போயிருக்கிறது.

ஆறாம் படி: மோட்டார் நலமாக இருந்தால், சுற்றட்டையைச் சோதி. கைப்பேசியை அதிரச் செய்யும் நேரத்தில், மோட்டார் தொடும் இடத்தில் மின்னழுத்தம் வருகிறதா என்று அளக்க வேண்டும். வந்தால் குறை தொடுமுனையில்தான். வராவிட்டால், மோட்டாரை இயக்கும் சில்லிலோ அதற்குச் செல்லும் வழியிலோ குறை உள்ளது. அப்போதுதான், ஆம், அப்போது மட்டும்தான், "சுற்றட்டையில் பழுது" என்று சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு. இந்த ஆறாம் படியைப் பெரியவர் மட்டுமே செய்ய வேண்டும்.

ஆறு படிகள். ஒவ்வொன்றும் ஐயத்தின் பரப்பைச் சுருக்குகிறது. எளியது முதலில், கடியது பின்னர். செலவில்லாதது முதலில், செலவுள்ளது பின்னர். இதைவிடச் சிறந்த அறிவியல் பாடம் ஒன்று உண்டா?

வகுப்பில் கண்டது

வெறும் வாதமாக இதனைச் சொல்லவில்லை. ஒரு மாணவரின் தாயார் பெற்றோர் சந்திப்பின்போது என்னிடம் குறைபட்டுக்கொண்டார். "சார், எங்க மாமியாருக்குக் காது சரியாக் கேக்காது. போன் இடுப்புல அதிர்ந்தாத்தான் அவங்களுக்குத் தெரியும். கடையில போர்டு போயிருச்சு, புதுசு வாங்கிக்குங்கன்னு சொல்லிட்டாங்க. புதுசு வாங்கிக் கொடுத்தா அவங்களுக்கு அமுக்கத் தெரியல."

காது கேளாத முதியவருக்கு அதிர்வு என்பது அலங்காரமன்று. அதுவே அவருடைய அழைப்பு மணி. மகன் வேலையிடத்திலிருந்து அழைப்பதும், மருத்துவமனை நாள் குறித்து அழைப்பதும் அந்த விரல் நுனியளவுப் பொறியின் வழியாகத்தான் அவரை எட்டுகின்றன.

அந்தக் கைப்பேசியைத் தாயாரே கொண்டுவந்து கொடுத்தார். மின்கலத்தை நான் கழற்றி வைத்துக்கொண்டு, ஐந்தாம் ஆண்டு மாணவர் முன்னே அதனை வைத்தேன். முதலில் எழுந்த குரல்கள் எல்லாம் "மோட்டார் கெட்டுவிட்டது", "பழசு சார்", "தண்ணீரில் விழுந்திருக்கும்" என்றே இருந்தன. எல்லாம் தீர்ப்புகள், ஒன்றுகூடக் கேள்வி இல்லை. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் மட்டும், "சார், பாட்டி அதை எங்கே வச்சிருப்பாங்க?" என்று கேட்டான். எழுத்துத் தேர்வில் பெரிதாகப் புள்ளிகள் வாங்காதவன். "இடுப்பில்" என்றேன். "அப்போ வேர்வை பட்டிருக்கும்" என்றான்.

படிப்படியாகச் சென்றோம். மோட்டாரைத் தனியே எடுத்து மின்கலத்தில் இணைத்தபோது அது மேசைமீது துள்ளியது. மாணவர் எழுப்பிய ஆரவாரத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். மோட்டார் நலம்! அப்படியானால் குறை எங்கே? வில் தகடுகள் கறுத்திருந்தன. அழிப்பானால் தேய்த்தோம், துடைத்தோம், மீண்டும் பொருத்தினோம். கைப்பேசி அதிர்ந்தது. செலவு: ஓர் அழிப்பானின் மூலை.

"போர்டு போய்விட்டது" என்று சொன்னவர் ஒன்றையும் அளக்கவில்லை. திறந்துகூடப் பார்க்கவில்லை என்றே அந்தத் தாயார் சொன்னார். நம் மக்கள் ஏமாறுவது பணமில்லாததால் மட்டுமன்று. "எப்படித் தெரியும்? எதை அளந்தீர்கள்?" என்று கேட்கத் தெரியாததாலும்தான்.

எதிர்ப்புகளும் என் மறுமொழியும்

இவ்வாறு சொல்லும்போது வழக்கமாக எழும் எதிர்ப்புகள் நான்கு.

*ஒன்று: "பழுதுபார்ப்பதைவிடப் புதிது வாங்குவதே மலிவு."* யாருக்கு மலிவு? கடைச் சீட்டில் உள்ள விலையை மட்டும் எண்ணுகிறோம். அந்தச் சிறு மோட்டாரில் டங்ஸ்டன் இருக்கிறது, காந்தம் இருக்கிறது, செம்புச் சுருள் இருக்கிறது. எங்கோ ஒரு மலையைக் குடைந்து எடுத்தவை அவை. மலேசியாவில் 2005-ஆம் ஆண்டின் திட்டமிடப்பட்ட கழிவுகள் விதிமுறை மின்னணுக் கழிவை எஸ்டபிள்யூ 110 என்னும் குறியீட்டின்கீழ் வைத்திருக்கிறது. அதாவது, வீட்டுக் குப்பையோடு கலக்கத் தகாத பொருள் என்பதே கருத்து. நாமோ வாழைப்பழத் தோலோடு அதனைச் சேர்த்து வீசுகிறோம். மலிவு என்பது நம் கணக்கில் மட்டுமே. மண்ணின் கணக்கில் அன்று.

*இரண்டு: "ஆபத்து, பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?"* இந்த அச்சம் நியாயமானது. ஆகவே விதிகள் வேண்டும். லித்தியம் மின்கலத்தை ஆசிரியரோ பெற்றோரோ மட்டுமே கழற்ற வேண்டும். உப்பிய மின்கலம் உள்ள கைப்பேசியைத் தொடவே கூடாது. மின்னேற்றியையும் வீட்டு மின்சாரத்தில் இயங்கும் எந்தப் பொருளையும் பிள்ளைகள் திறக்கக்கூடாது. சிறு பாகங்களை ஒரு தட்டில் வைத்து எண்ண வேண்டும். இவற்றைக் கடைப்பிடித்தால் எஞ்சுவது 3 வோல்ட் மின்சாரமும் ஒரு சிறு திருப்புளியும்தான். ஐந்தாம் ஆண்டு அறிவியலில் மின்குமிழை எரியவிடும் அதே மின்கலங்கள்!

*மூன்று: "இது தேர்வில் வருமா?"* ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால், நம் மனத்திலிருந்து அது இன்னும் நீங்கவில்லை. உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள் உருவாக்குதல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று அறிவியல் செயற்பாங்குத் திறன்களைப் பட்டியலிட்டுப் பயிற்றிகளில் வரி வரியாக நிரப்பச் சொல்கிறோம். "உயர்நிலைச் சிந்தனை" என்று பாடத்திட்டத்தில் எழுதி வைக்கிறோம். அந்தத் திறன்கள் எல்லாம் ஒருசேர வாழும் இடம் ஒன்று உண்டென்றால், அது பழுதான பொருளின் முன்னே அமர்ந்திருக்கும் பிள்ளையின் மூளைதான். முன்பிருந்த வாழ்வியல் திறன் பாடத்தில் பராமரிப்புக்கும் பழுதுபார்த்தலுக்கும் இடமிருந்தது. பின்னர் வந்த வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் புதிதாகச் செய்வதற்கே முதன்மை. செய்வது நன்று. செய்ததைக் காப்பதும் கல்வியன்றோ?

*நான்கு: "எங்கள் பிள்ளை மெக்கானிக் ஆகவேண்டியதில்லை, டாக்டர் ஆகவேண்டும்."* என்னை மிகவும் வருத்துவது இதுதான். பால்மரம் சீவிய நம் முன்னோர் தம் கத்தியைத் தாமே தீட்டினர். தம் மிதிவண்டியைத் தாமே பிரித்து மாட்டினர். தோட்டத்திலிருந்து வெளியேறிய நாம் வறுமையை விட்டு வந்ததோடு, கையின் அறிவையும் அங்கேயே விட்டு வந்துவிட்டோம். கையில் எண்ணெய் படுவதை இழிவென்று பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டோம்.

மருத்துவர் என்னதான் செய்கிறார்? எடுத்த எடுப்பில் அறுப்பதில்லை. "எப்போதிலிருந்து?" என்று கேட்கிறார். தொட்டுப் பார்க்கிறார். காது வைத்துக் கேட்கிறார். எளிய சோதனை முதலில், பெரிய சோதனை பின்னர். ஐயங்களை ஒவ்வொன்றாக நீக்குகிறார். மேலே சொன்ன ஆறு படிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய மருந்து சொல்வதும் இதுவே. பிணி எதுவென்று அறிந்து, அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து, பிறகே மருத்துவம் செய்ய வேண்டும் என்கிறார் வள்ளுவர். அந்தக் குறளை நாம் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். மேடையில் ஒப்புவித்தால் பரிசும் கொடுக்கிறோம். அதன்படி ஒரு நாளேனும் செய்து பார்க்க வைத்தோமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "இதையெல்லாம் தமிழில் சொல்லிக்கொடுக்க முடியுமா?" என்று கேட்போரும் நம்மிடையே உள்ளனர். இதுவரை நீங்கள் படித்தது எந்த மொழியில்? சுருள், தொடுமுனை, மின்தடை, மின்னழுத்தம், சுற்றட்டை ஆகிய எதற்காவது தமிழ் தடுமாறியதா? மோட்டாரை மோட்டார் என்றே எழுதினேன். அதனால் தமிழ் குறைந்துவிடவில்லை. சொல் இல்லாதது குறையன்று. சொல்லைக் கையோடு சேர்த்துப் புழங்காததே குறை.

பூட்டி வைப்போரும் பொறுப்பாளிகளே

பெற்றோரை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. திறக்கவே முடியாதபடி பொருளைச் செய்பவர்களும் இந்தத் தீங்கில் பங்காளிகள். நோக்கியா 3310-இன் மேலுறையைக் கருவியின்றிக் கழற்றலாம். உள்ளே இருப்பவை திருகாணிகள். இன்றைய திறன்பேசிகள் பெரும்பாலும் பசையால் ஒட்டப்பட்டு வருகின்றன; திறக்க வெப்பமூட்ட வேண்டும், திரை உடையும் இடரும் உண்டு. புதிய திறன்பேசிகள் பலவற்றில் சுழலும் மோட்டாருக்குப் பதிலாக, வில்லின்மேல் முன்னும் பின்னும் அசையும் வேறுவகை அதிர்வுப் பொறி இருக்கிறது. அது மாறுமின்னோட்டத்தில்தான் அதிரும். உலர் மின்கலத்தை இணைத்தால் ஒருமுறை அசைந்து நின்றுவிடும். அதனைக் கொண்டு "கெட்டுவிட்டது" என்று முடிவு செய்யக்கூடாது. பிள்ளைகளின் கைக்கு ஏற்றவை பழைய கைப்பேசிகளே என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உலகம் இதனை உணரத் தொடங்கிவிட்டது. பிரான்சு நாடு 2021-இல் திறன்பேசி போன்ற பொருள்களை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதற்கு மதிப்பெண் இட்டு விற்கச் சொல்லத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, ஒரு திறன்பேசி மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு மின்கலம், திரை முதலிய முக்கிய உதிரிப் பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும். அங்கே சட்டம் திறக்கும் கதவை, இங்கே நாம் பிள்ளைகளின் மனத்திலேயே அடைத்து வைக்கலாமா?

நான் கேட்பது

ஆசிரியப் பெருமக்களே, வகுப்பின் மூலையில் ஒரு பெட்டி வையுங்கள். ஓடாத மேசைக் கடிகாரம், எரியாத கைவிளக்கு, மின்கலம் நீக்கிய பழைய கைப்பேசி என எதுவாயினும் அதில் இருக்கட்டும். தவணைக்கு ஒரு முறை, ஒரு பொருள். சரியாகாவிட்டாலும் கவலை வேண்டா. "இன்ன இடத்தில் குறை, இன்ன காரணத்தால் அறிந்தோம்" என்று மாணவர் நான்கு வரி எழுதட்டும். அந்த நான்கு வரி, பார்த்தெழுதிய நான்கு பக்கக் கட்டுரையைவிட மேலானது.

பெற்றோர்களே, வீட்டில் ஒரு பொருள் நின்றுபோனால், அதனைக் குப்பையில் இடும் முன் பிள்ளையை அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இது என்ன செய்ய வேண்டும்? இப்போது என்ன செய்கிறது? இடையில் எது தடுக்கலாம்? விடை உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால் ஒன்றும் குறைவில்லை, சேர்ந்து தேடுங்கள்.

அந்த மூதாட்டியின் கைப்பேசி நாளை மீண்டும் நின்றுபோகலாம். பழைய பொருள்தானே! ஆனால், அவர் பேரன் அதனை இனி உடனே குப்பையில் இடமாட்டான். மின்கலத்தைக் கழற்றித் தரும்படி அப்பாவிடம் கேட்பான், தொடுமுனையைப் பார்ப்பான். வகுப்பில் நாங்கள் உண்மையில் பழுதுநீக்கியது அந்தக் கைப்பேசியை மட்டுமன்று என்பது என் துணிபு.

சிந்திப்போம், செயல்படுவோம்.